சொந்தத்தில் ஒரு குதிரை மாப்பிள்ளை

என் குதிரைக்கு வரன் தேடத் தொடங்கியபோது நான் முதலில் கேட்ட கேள்வி, பெண்ணைப் பெற்ற எவனும் கேட்கிற கேள்விதான்: தெரிந்த இடமா?

குதிரை என்றால் நிஜக் குதிரை. கத்தியாவாரி வகைப் பெண்குதிரை. காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். என்னைப் போல வளைகுடாவில் ஏ.சி. பழுதுபார்த்துச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் எங்கள் ஊர் கொட்டாரத்தில் வயல் வாங்கினார்கள், கார் வாங்கினார்கள். நான் பெயிண்ட் கடை வைத்தேன். கடை ஓடத் தொடங்கியதும் குஜராத்திலிருந்து லாரியில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து இறக்கினேன். வாஷிங் மெஷினுக்காகக் காத்திருந்த என் மனைவி, லாரியின் பின்கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். “இதுல துணிய எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டாள்.

இந்த வகைக் குதிரைகள் நாட்டிலேயே கொஞ்சம்தான் மிச்சம் என்று விற்ற பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்சத்தில் என் பங்குக்கு ஒன்றைக் கூட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. ஒரே ஒரு குட்டி போதும். ஆனால் குதிரைக்குப் பதினாலு வயது. இந்த வருடம் சினை பிடிக்காவிட்டால் இனிமேல் கஷ்டம் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். வயதை மெதுவாகச் சொல்லி, குணத்தைச் சத்தமாகச் சொல்லி வரன் தேடுகிற பாடு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வரன் திற்பரப்பில் கிடைத்தது. அங்கே ஒரு ரப்பர் தோட்டக்காரரிடம் இதே வகையில் ஓர் ஆண்குதிரை இருந்தது. அருவியில் குளிக்க வருகிறவர்கள் ஈரத்தலையோடு அவர் வேலியோரம் நின்று அதனுடன் செல்ஃபி எடுப்பார்கள். அதுவும் நான் வாங்கிய அதே பண்ணையிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் இருவரும் கட்டஞ்சாயாவும் கையுமாக உட்கார்ந்து முறை போட்டுப் பார்த்தோம். என் குதிரையின் தாயும் அவர் குதிரையின் தகப்பனும் ஒரே பொலிகுதிரைக்குப் பிறந்தவை. உடன்பிறப்புகள்.

தோட்டக்காரர் மேஜையில் ஓங்கித் தட்டினார். “அப்போ அத்த மொவளும் மாமன் மொவனும்லா! முறை மாப்பிள ஓய்! கையில வச்சுக்கிட்டு பின்ன எங்க போயி தேடுகது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். எங்களுக்கோ அதற்குமேல் ஒரு தகுதி தேவைப்படவில்லை. அந்த நிமிடமே சம்பந்தியானோம். நான் மட்டிப்பழக் குலை ஒன்று கொண்டுபோய் இறக்கினேன். அவர் என் குதிரைக்கு ஒரு சாக்குக் காணம், அதாவது கொள்ளு, அனுப்பிவைத்தார். போனில் பேசினால் “சம்மந்தி” என்றுதான் ஆரம்பிப்பார். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டே பேசுவேன். பெண் வீட்டுக்காரன் அல்லவா.

முதல் தடவை திற்பரப்புக்கு அழைத்துப் போனோம். சினை நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் நிற்கவில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று கால்நடை டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தேன். சின்ன வயதுப் பெண். தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு, குதிரைக்குப் பின்னால் நின்று பரிசோதித்தபடியே கேட்டாள்.

“மாப்பிள்ளை யாரு, அங்கிள்?”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “சொந்தத்துலதான்.”

கை பாதி உள்ளே இருக்கும்போதே அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “எவ்வளவு சொந்தம்?”

முறையைச் சொன்னேன். அவள் கையை வெளியே எடுத்து, கையுறையைக் கழற்றி, பண்ணைக்காரருக்குப் போன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டு, பாலைவனத்தில் கற்ற ஹிந்தியில் நான் விசாரித்தேன். பண்ணைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பொலிகுதிரையின் காதழகு வேறு எதற்கும் இல்லையாம். அதனால் பண்ணைக்குள் வேறு ரத்தத்தையே விட்டதில்லையாம். எல்லாப் பெண்குதிரைக்கும் அதுவேதான், அதன் சொந்த மகள்களுக்கும் அதுவேதான்.

“அப்படின்னா என் குதிரைக்குத் தகப்பன்?”

“அதேதான், பாய்சாப்!”

டாக்டர் ஒரு பழைய பெயிண்ட் டப்பா மூடியில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினாள். “உங்க குதிரையோட அப்பாவும் மாப்பிள்ளையோட தாத்தாவும் ஒரே ஆள். அப்போ மாப்பிள்ளையோட அப்பாவுக்கு இது தங்கச்சி.”

“மாப்பிள்ளைக்கு?”

“அத்தை.”

நான் பக்கத்திலிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தேன். அதில் தண்ணீர் இருந்தது. அத்தை மகள் என்று சொல்லி, மட்டிப்பழக் குலையோடு, நான் அத்தையையே அல்லவா லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்! அதுவும் இரண்டு தடவை!

டாக்டர் பொறுமையாக விளக்கினாள். மழையில் இரண்டு குடையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மறைத்துவிடும். தாய் ஒரு குடை தருகிறது, தகப்பன் ஒரு குடை தருகிறது. இரண்டு குடையும் ஒரே பழைய குடையிலிருந்து வந்திருந்தால் ஓட்டையும் ஒரே இடத்தில் இருக்கும், குட்டி நனையும். கரு தங்காமல் போகலாம், தங்கினாலும் பிறக்கிற குட்டி நோஞ்சானாக இருக்கலாம். காதழகு என்று எல்லோரும் ஒன்றையே தேடிப் போனால், எண்ணிக்கையில் நூறு குதிரை இருந்தும் ரத்தக் கணக்கில் நாலைந்து குதிரைதான் இருக்கும்.

“இதனாலதான் நிக்கலன்னு அடிச்சுச் சொல்ல முடியாது அங்கிள். வயசும் இருக்கு. ஆனா இந்த இடம் வேண்டாம்.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் நனைந்த வேட்டியோடு வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, போனில் தேட ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் உலகத்திலுள்ள அத்தனை நோயும் எனக்கு வந்துவிட்டது. காரணம் குதிரை அல்ல. என் மனைவி என் தாய்மாமன் மகள். எங்கள் தாத்தாவும் பாட்டியும் அவர்களுக்குள் சொந்தம். நான் கண்ணாடி முன் நின்று என் காதுகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள்.

“என்ன செய்யுதிய?”

“ஏட்டி, உனக்கு அடிக்கடி தலை சுத்துகா?”

“கெட்டின நாள் மொதலு சுத்துகு. உங்களப் பாத்து.” பக்கத்தில் வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “எங்கப்பாவும் உங்கம்மையும் கூடப்பெறந்தவங்கதான். எனக்கு எங்க கோணியிருக்கு, சொல்லுங்க. உங்களுக்கு எங்கன்னு நான் சொல்லட்டா?”

சிரித்தோம். பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகள் பிறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒன்று தங்காமல் போயிருக்கிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் “சொந்தமா?” என்று கேட்டபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தோம். அதனால்தான் என்று அன்றும் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். எங்கள் ஓலைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. சபையில் பாதிப்பேர் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் அவர்களின் சம்பந்திகள்.

“குதிரைக்காவது கேட்டுட்டுச் செய்வோம்,” என்றாள் மனைவி. “நாளைக்கே திற்பரப்புக்குப் போயி சொல்லிரணும்.”

அங்கேதான் எனக்குச் சிக்கல். நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்தப் பெண் வீட்டுக்காரன் போவதா? எந்த முகத்தோடு? போகிற வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்தேன். முதலில் மழையைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு ரப்பர் விலை, பிறகு மெதுவாகக் குடை. குலசேகரம் தாண்டுவதற்குள் மூன்று முறை வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

தோட்டக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியிலிருந்து ஒரு கால்தான் கீழே வைத்தேன். “சம்மந்தி, உங்க குதிரைக்கு எங்குதிரை அத்தை!” என்று கத்திவிட்டேன்.

மனைவி தலையில் கை வைத்தாள். பிறகு அவள்தான் அவரை உட்காரவைத்து, முழுவதையும் நிதானமாகச் சொன்னாள். கேட்டு முடித்த அவர் முகம் சிவந்தது. எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் காரின் கதவைத் தேடினேன். அவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

“அப்போ எங்குதிரைக்கு ஒரு கொறவும் இல்ல, அப்பிடித்தானே?”

“இருக்காதுன்னுதான் தோணுகு…”

“ரெண்டு மாசமா நாட்டுக்காரனுவ என்னெல்லாம் பறஞ்சானுவ தெரியுமா ஓய்! ரப்பர் பாலு வெட்ட வாறவன் வரைக்கும் ஒரு மாதிரி சிரிக்கான். குதிரைய வெளிய விடதுக்கே எனக்கு நாணமாப் போச்சு!” அவர் லாயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “மக்கா, கேட்டியா? உம்மேல தப்பில்ல!”

என் குதிரைக்குப் புது வரன் தேடும் வேலையையும் அவரே கையில் எடுத்துக்கொண்டார். பாலக்காட்டுப் பக்கம் ஒருவரிடம் அதே வகையில் ஓர் ஆண்குதிரை இருந்தது. வேறு பண்ணை, வேறு வம்சம். இந்தத் தடவை முறை போட்டுப் பார்க்க டாக்டர் எங்களை விடவில்லை. இரண்டு குதிரையின் பிடரியிலிருந்தும் வேரோடு மயிர் பிடுங்கி டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினாள். “உங்க தலையிலயும் ரெண்டு பிடுங்கி அனுப்புங்க,” என்றாள் மனைவி. பிறகு என் தலையைப் பார்த்துவிட்டு, “வேண்டாம், இருக்கதும் போயிரும்” என்றாள். பரிசோதனை முடிவு வந்தது: தூரம். நல்ல தூரம். வாழ்க்கையில் முதல்முறையாக, உறவே இல்லை என்ற செய்திக்கு நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மனம் விட்டுப்போனது. காதுகள் வளைந்திருந்தன, ஆனால் தொடவில்லை. ஒன்று லேசாகச் சாய்ந்தும் இருந்தது, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்பது போல. “அழகைப் பாத்துத்தான் இந்தக் கதி வந்துச்சு,” என்று மனைவி என் முதுகில் ஓர் இடி கொடுத்தாள். என் குதிரைக்கு அந்தக் காதுமேல் ஒரு புகாரும் இல்லை.

டாக்டர் ஸ்கேன் செய்ய வந்த அன்று நான் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குதிரை அமைதியாகப் புல் தின்றது. நான் லாயத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். “அங்கிள், நீங்க ஒரு இடத்துல நில்லுங்க, குதிரை மிரளுது,” என்றாள் டாக்டர். நின்றேன். காணச் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்கு மூச்சு விட மறந்துபோக, மனைவி தட்டி ஞாபகப்படுத்தினாள்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக, உருண்டையாக, ஒரு சின்னப் பொட்டு.

“நின்னிருக்கு அங்கிள். ஒண்ணுதான். நல்லா இருக்கு.”

நான் டாக்டரைக் கும்பிட்டேன். குதிரையைக் கும்பிட்டேன். ஸ்கேன் மிஷினைக் கும்பிட்டேன். மனைவி குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

திற்பரப்புக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் போட்ட கூச்சலில் எனக்குக் காது அடைத்தது. தோட்டக்காரர் வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். லாயத்துக்கு ஓடி அவர் குதிரையிடமும் சொன்னார். பிறகு மூச்சு வாங்கியபடி மறுபடி போனுக்கு வந்தார்.

“சம்மந்தி, ஒரு காரியம் கேக்கட்டா? பொட்டக்குட்டியாப் பெறந்தா அது எங்குதிரைக்கு என்ன முறை? அத்தைக்குப் பெறந்தது! அசல் அத்த மொவளாக்கும் ஓய்! எங்குதிரைக்குத்தான் தரணும், இப்பவே வாக்குத் தாரும்!”

“அதுக்கென்ன சம்மந்தி, நம்ம சொந்தத்துல…” என் வாய் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மனைவி கழுத்திலிருந்து முகத்தை எடுத்து, போனைப் பிடுங்கினாள்.

“அண்ணே, கோவிச்சுக்கிடாதிய,” என்றாள். “பிள்ளைய நாங்க வெளியிலதான் குடுப்போம்.”