ஏழாவது பெட்டியில் கற்பூரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், மாத்தளை நகரத்தில் ஒரு வாசனைத் திரவியக் களஞ்சியத்தில் இது நடந்தது. இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனாலும் இதில் நான் செய்தது பிழை என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்த முஸ்லிம் மாணவர் ஒருவர் இன்று நகரத்தில் பெரிய வியாபாரி; எல்லோருக்கும் முதலாளி. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து கராம்பு, கறுவா, சாதிக்காய் வாங்கிச் சுத்தம் செய்து கொழும்புக்கு அனுப்புவார். அந்த வருடம் வளைகுடா நாடு ஒன்றிலிருந்து அவருக்கு நேரடியாகவே ஓடர் வந்தது. புதிதாகத் திறக்கும் ஒரு கடைக்குப் பன்னிரண்டு பெட்டிகளை விமானத்தில் அனுப்ப வேண்டும்.

விமானத்தில் சரக்கு அனுப்புவது லொறியில் ஏற்றிவிடுவது போன்றதல்ல. யார் பொதி செய்தார், அப்போது பக்கத்தில் யார் நின்றார், பெட்டி எங்கே வைக்கப்பட்டது, அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது என்று எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். பெட்டிக்குள் பட்டியலில் இல்லாத ஒரு பொருளும் இல்லை என்று பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பெட்டி விமானத்தில் ஏறுகிறது. இதையெல்லாம் விளக்கும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முதலாளி என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், இத வாசிக்கப் போனா எனக்குத் தல சுத்துது. நீங்களே வந்து பொறுப்பா இருங்க."

இப்படித்தான் எழுபத்தொரு வயதில் நான் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆனேன்.

அந்தப் புத்தகத்தை மூன்று தடவை வாசித்தேன். பிறகு அந்தக் களஞ்சியத்தில் யாரும் நிம்மதியாக இருக்கவில்லை. வாசலில் ஒரு பதிவேடு வைத்தேன். உள்ளே போகிறவர் பெயர், நேரம், காரணம் எழுதி, பையையும் தட்டிக் காட்ட வேண்டும். முதலாளி ஒருநாள் தன் களஞ்சியத்துக்குள் தானே போவதற்குக் காரணம் கேட்டு நிறுத்தப்பட்டார். "என்னோட கடதானே சேர்" என்றார். அதையே காரணம் என்ற இடத்தில் எழுதச் சொன்னேன்.

பொதி செய்கிறவர்களுக்குத் தலைமையாக எல்கடுவவிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் இல்லை. முதல் பஸ்ஸில் இறங்கி, நெற்றியில் திருநீறோடு, எல்லோருக்கும் முன்பாக வந்து நிற்பார். ஒருநாள் தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னேன். உதிர்ந்து பெட்டிக்குள் விழலாம் அல்லவா?

"பூவுல குண்டா சேர் வைக்க முடியும்?" என்று கேட்டுக்கொண்டே கழற்றி வைத்தார்.

"பட்டியலில் இல்லாத எந்தப் பொருளும் கூடாது" என்று நான் புத்தகத்தைத் தட்டிக் காட்டினேன்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

பெட்டிகள் மூடும் நாள் வந்தது. முதல் தடவையாக விமானத்தில் போகிற சரக்கு. என் கையெழுத்தில் போகிற சரக்கு. இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. காலையில் எழுந்து அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். ஐயர் பெயர் கேட்டார். சரக்கு முதலாளியுடையது என்பதால் முதலாளியின் பெயரைச் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நட்சத்திரம்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? ரோகிணி என்று சொல்லிவிட்டேன். அந்த ஹாஜியாரின் பெயருக்கு ரோகிணி நட்சத்திரத்தில் குறைவில்லாமல் அர்ச்சனை நடந்தது.

திருநீறையும் குங்குமத்தையும் தட்டில் மிஞ்சியிருந்த இரண்டு கற்பூரக் கட்டிகளையும் சட்டைப் பையிலிருந்த ஒரு தாளில் மடித்துக்கொண்டேன். நம் கடைகளில் புதுக் கணக்குப் புத்தகத்திலும் புது மேசை லாச்சியிலும் இப்படிப் பிரசாதம் வைப்பது வழக்கம்தானே? ஏழாவது பெட்டியை ஒட்டுவதற்கு முன்பு, கடைசியாகச் சரிபார்க்கும் பாவனையில் கையை விட்டு, அந்தப் பொட்டலத்தைக் கராம்புப் பைகளுக்கு நடுவில் செருகினேன். முதலாளிக்குச் சொல்லவில்லை. அவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்.

நம்புங்கள், அந்த நேரத்தில் நான் விதியை மீறுகிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கனகாம்பரம் பொருள்; பிரசாதம் பொருள் அல்ல. என் மனதுக்குள் கணக்கு அப்படித்தான் இருந்தது. பெட்டியின் மேல் இலக்கமிட்ட நாடாவை ஒட்டி, "பட்டியலில் இல்லாத எதுவும் உள்ளே இல்லை" என்ற பத்திரத்தில் அழகாகக் கையெழுத்திட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் தொலைபேசி அடித்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பெட்டியை மட்டும் பிடித்துச் சோதித்திருக்கிறார்கள். பன்னிரண்டில் அவர்களுக்குக் கிடைத்தது ஏழாவது. சாம்பல் நிறத் தூள், சிவப்புத் தூள், அவற்றோடு விமானத்தில் ஏற்றக்கூடாத பொருள் என்று புத்தகத்திலேயே பெயர் போட்டிருக்கும் கற்பூரம். தொண்ணூறாம் பக்கமோ என்னவோ, அந்தப் பட்டியலையும் நான் மூன்று தடவை வாசித்தவன்தான்.

பொட்டலத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். முதலாளி தூளைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அது ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கம். பேனாவால் பாதி நிரப்பியிருந்தது. மாத்தளையில் அந்தக் கையெழுத்து ஒருவனுக்குத்தான் உண்டு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி மெதுவாகச் சொன்னார்:

"அந்தத் தங்கச்சி வெச்சிருக்கும் சேர். தெனமும் திருநீறு பூசிட்டு வாறது அவதானே. அவ சாமி கும்பிடுறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா திங்கக்கெழம விசாரணைக்கு வாறாங்களாம். வெச்ச ஆள வேலையால நிப்பாட்டாட்டி எங்கட பெட்டிய இனி எடுக்க மாட்டாங்களாம்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கேவலமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. எல்லோரையும் பையைத் தட்டிக் காட்டச் சொன்ன மனிதன் நான். இந்த வயதில், இத்தனை கெடுபிடிக்குப் பிறகு, எப்படிச் சொல்வது?

அதைவிடக் கேவலம், விசாரணை அறிக்கை தயாரிக்க வேண்டியது பாதுகாப்புப் பொறுப்பாளர். அதாவது நான். மறுநாள் அந்தப் பெண்ணை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டேன்.

"பெட்டியை மூடும்போது பக்கத்தில் யார் இருந்தது?"

"நீங்கதாங்க சேர்."

"வேறு யார்?"

"வேற யாரும் இல்லைங்க."

"நீங்கள் ஏதாவது வைத்தீர்களா?"

"நா ஒண்ணும் வைக்கலைங்க."

"அப்படியானால் யார் வைத்திருப்பார்கள்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அம்மனே எறங்கி வந்து வச்சிட்டுப் போயிருக்கும். பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுச்சான்னு பாருங்க சேர்."

நான் குனிந்து, "தெரியாது என்கிறார்" என்று எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து அதிகாரி வந்தார். சிங்களவர், நடுத்தர வயது, மரியாதையானவர். பொதி மேசைக்குப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றார். வேலை போகும் என்று தெரிந்தும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்துதான் நின்றார். அன்று காலை எல்கடுவ பஸ்ஸில் கூட வந்த இன்னொரு பெண் வாசலில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தார்: "பிள்ளைக ஸ்கூலுக்குப் போற செலவுக்கு இனி என்னா செய்யுதோ தெரியல சேர்."

அதிகாரி படிவத்தை நீட்டினார். தவறுக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் பெயர் எழுதச் சொன்னார். பேனாவைக் கட்டத்தில் வைத்தேன். கை தானாகவே என் பெயரை எழுதியது என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. இரண்டு தடவை பேனாவைத் தூக்கி, மூன்றாவது தடவைதான் எழுதினேன்.

அவர் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்: "மாத்தயா, கட்டம் மாறிவிட்டது. விசாரித்தவரின் பெயர் கீழே வரவேண்டும். இது பிழை செய்தவரின் பெயருக்கான கட்டம்."

"கட்டம் மாறவில்லை" என்றேன். "கீழேயும் அதே பெயர்தான்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. கோயில், ஐயர், தாள், ஏழாவது பெட்டி என்று எல்லாவற்றையும் முதலாளிக்குத் தமிழிலும் அதிகாரிக்குச் சிங்களத்திலும் மாறிமாறிச் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடினார்.

"இதை லொறி டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி முடித்திருக்கலாமே மாத்தயா. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். பெட்டிக்குள் எதற்கு?"

முதலாளி படிவத்தை இழுத்து என் பெயரைப் பார்த்தார். பிறகு, "சேர், எனக்கு ரோகிணியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அல்லாஹ்கிட்ட துஆ கேட்டிருப்பேனே. அதுக்கு ஸ்கேனர்ல அகப்படுற பயமும் இல்ல."

சிரித்தாலும் தண்டனை தண்டனைதான். பன்னிரண்டு பெட்டிகளும் திறந்து சோதிக்கப்பட்டன. வளைகுடாவில் கடை திறந்து ஒரு வாரம் கழித்துத்தான் சரக்குப் போய்ச் சேர்ந்தது. கையெழுத்திடும் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டு, பயிற்சிக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. நான் இப்போதும் ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வாசலில் அவர் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். மிகவும் ரசித்துச் செய்கிறார்.

அன்று அதிகாரி போன பிறகு நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தரையில் சிந்தியிருந்த கராம்பைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போட்டோவுல இருந்த தாள மொதலாளி காட்டுனப்பவே எனக்குத் தெரியுங்க. தெனமும் அதுமேலதானே உங்களுக்கு டீ வைக்கிறேன். எப்ப சொல்வீங்கன்னு மூணு நாளா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"தெரிந்தும் ஏன் நீங்களே சொல்லவில்லை?"

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "நா சொன்னா யாருங்க சேர் நம்புவாங்க?"

அவர் சொல்லியிருந்தால், "அபாண்டம்!" என்று முதலில் எழுந்து நின்றிருக்கக் கூடியவன் நான்தான். மற்ற எல்லாவற்றையும் சிரித்துச் சொல்ல முடிகிற எனக்கு, இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.