காலிப் பையும் கம்பெனிச் சண்டையும்

மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் தேடி, காரைக்காலில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரருக்கு மீசை பெரிது. தோளில் தொங்கிய கேமரா பை அதைவிடப் பெரிது. பைக்குள் இருந்ததோ டிபன் பாக்ஸ்தான். மீடியம் ஃபார்மட் என்று காரின் விலைக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வருகிறதாம். அதற்காக முன்கூட்டியே வாங்கிய பை அது.

"எப்பங்க கேமரா வாங்கப் போறீங்க?"

"அவசரமே இல்லண்ணே. இந்தக் கேமரா விக்கிற ரெண்டு கம்பெனிக்காரனும் போட்டி போட்டு விலைய இறக்குறானுங்க. நல்லா அடிச்சிக்கட்டும், நமக்குத்தானே லாபம்!" பேத்தியின் படத்தைக் காட்டுவதுபோல, போனில் அன்றைய விலையைக் காட்டினார்.

அப்புறம் கல்யாணத்துக்கு ஒரு தொகை சொன்னார். எதிர் ஸ்டுடியோவில் அதைவிடக் குறைவாகக் கேட்டதைச் சொன்னேன். மீசை துடித்தது.

"இப்படிப் போட்டி போட்டு விலைய இறக்குனா தொழில் உருப்படுமாண்ணே? நீங்களே சொல்லுங்க!"

"அவசரமே இல்லங்க" என்று எழுந்தேன்.

வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அவன் சொன்னதுக்கும் கம்மியா முடிச்சுத் தர்றேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவனும் குறைச்சிடுவான்."