வெல்லப் பெட்டியில் செல்வராஜ்

போன வாரம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சாவு வீட்டில், ஃப்ரீசர் பெட்டியின் மூலைகளை நான் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி கொண்டுவந்த ஆள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம் தேடுறீங்க?” என்றான். எறும்பு என்றேன். “ரப்பர் வச்சி சீல் பண்ணிக்கீது மேடம். எறும்பு இன்னா, காத்துகூட பூராது” என்றான் பெருமையாக. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். துக்கம்தான் வந்தது. யார் வீடு என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் எறும்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் படித்தது திருச்சபைத் தலைமைத்துவத்தில் பட்டப்படிப்பு. அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், என் அப்பாவே மூன்று வருடமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லூரி இருந்தது உத்திரமேரூருக்கு வெளியே, மூடிப்போன ஒரு ரைஸ் மில்லில். வகுப்பில் உட்கார்ந்தால் தவிட்டு வாசனை. பிரசங்கக் கலை நடத்தும்போது யாராவது ஒருவர் தும்முவார், அவரைத் தொடர்ந்து வகுப்பே தும்மும். நெல் காயவைத்த சிமெண்ட் களம்தான் எங்களுக்கு மைதானம், அதுவேதான் தேவாலயம், கல்யாண மண்டபம், இடுகாடு.

இடுகாடு எதற்கு என்றால், பிராக்டிகலுக்கு. போதகராகப் போகிறவன் கல்யாணம் நடத்தத் தெரிந்திருக்க வேண்டும், ஞானஸ்நானம் கொடுக்க, நோயாளியைச் சந்திக்க, கடைசியில் அடக்கம் பண்ணவும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? பிரின்சிபால் ஐயா இந்த ஊழியத்துக்கு வருமுன் டிரில் மாஸ்டராக இருந்தவர். விசிலை மட்டும் விடவில்லை. ஒரு விசில் ஊதினால் ஆராதனை ஆரம்பம். இரண்டாவது விசில் வரும்வரை அவரவர் வேஷத்தை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது. வந்தால் வகுப்புக்கே ஃபெயில்.

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். இன்னொருத்தி இருந்தாள், முதல் வருடமே கல்யாணம் கட்டிக்கொண்டு தாமலுக்குப் போய்விட்டாள். அதனால் மணப்பெண் நான். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் தாயார் நான், குழந்தை துண்டில் சுற்றிய சுரைக்காய். (சாயங்காலம் அதுவே மெஸ்ஸில் கூட்டாக வரும். ஞானஸ்நானம் பெற்ற காயைத் தின்னலாமா என்று ஒரு நாள் பெரிய இறையியல் விவாதமே நடந்து, பசி ஜெயித்தது.) நோயாளியும் நான்தான். அடக்கம் என்றால் விதவை. மூன்று வருடத்தில் எத்தனை புருஷனைப் பறிகொடுத்தேன் என்று கணக்கே கிடையாது.

போதகராக மட்டும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கேட்காமல் இல்லை, வாரா வாரம் கேட்டேன். “உன் முறை வரும்மா, வராமலா பூடும்? ஆனா நீ போதகரா நின்னா விதவைக்கு யாரு?” என்பார் பிரின்சிபால். ஒரு அடக்க ஆராதனையாவது நடத்தாதவர்களுக்குப் பட்டம் கிடையாது என்று விதி போட்டவரும் அவரேதான். உள்ளுக்குள் எரியும். கறுப்பு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நான் அழுத அழுகையில் பாதி நிஜம்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், எழவு வீட்டில் பிணமாக இருக்க வேண்டும் என்று சிலரைச் சொல்வோமே, செல்வராஜ் அதை மெய்யாகவே செய்தவன். எங்கள் நிரந்தர மாப்பிள்ளை, நிரந்தரப் பிணம். குறிப்பாகப் பிணத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டான். “பொணத்துக்கும் ஒரு மரியாதை கீது, அதக் காப்பாத்தணும்” என்பான். அவனுக்கு ஐயங்கார்குளத்தில் ஸ்டெல்லா என்று அத்தை மகள் இருந்தாள், அதனால் என்னோடு நடந்த கல்யாணங்களைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

அவனைப் படுக்கவைக்க ஒரு பிளைவுட் சவப்பெட்டி செய்துவைத்திருந்தோம். மாதம் ஒரு முறை வேலை, மற்ற நாளில் அது மளிகை அறையில் சும்மா கிடந்தது. ரைஸ் மில் எலிகளை நீங்கள் பார்த்ததில்லை, பூனையே வழிவிடும். மெஸ் நடத்திய அண்ணன் பார்த்தார். மூடியுள்ள பெட்டி, எலி போகாது. வெல்லத்தை எல்லாம் அதற்குள் அடுக்கிவிட்டார். பிராக்டிகலன்று வெல்லத்தை எடுத்து வெளியே வைப்பார், செல்வராஜை உள்ளே வைப்போம். முடிந்ததும் செல்வராஜ் வெளியே, வெல்லம் உள்ளே. இதில் யாருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை.

கடைசிப் பருவத்தில் பிரின்சிபாலுக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை வந்தது. களத்தில் பண்ணிப் பண்ணி நம் ஆட்களுக்கு பயமே போய்விட்டது, இறுதி பிராக்டிகல் நிஜ இடுகாட்டிலேயே நடக்கட்டும் என்றார். ஏரிக்கரை ஓரத்துக் கல்லறைத் தோட்டம். அன்று போதகர் வேஷம் எங்கள் வகுப்புத் தேவசகாயத்துக்கு. நான்? கேட்கவே வேண்டாம். அதே கறுப்பு முந்தானை.

விசில் ஊதினார். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வரப்போரமாகப் போனோம். பிரின்சிபால் குடை பிடித்துக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறி நின்றுகொண்டார். நாற்று நடும் காலம் அது. கழனியில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி நிமிர்ந்தாள், அப்புறம் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு முன்னால் ஒரு சவம் அழுகையில்லாமல் போகமுடியாது. யார் எவர் என்று கேட்கிற வழக்கமே இல்லை. கையில் சேற்றோடு ஏறி வந்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இறக்கி மூடியைத் திறந்துவைத்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்த கன்னியம்மாள் என்ற நடவுக்காரம்மா, “அடிப் பாவி தெய்வமே, மீசகூட நேரா மொளைக்கலியே இந்தப் புள்ளைக்கு” என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள்.

விசில் விதி என்ன சொன்னாலும் இது தப்பு என்று எனக்குப் பட்டது. அவள் காதோரம் குனிந்து, “இவர் என் வீட்டுக்காரர் இல்லம்மா, சாகவும் இல்லை” என்று மெல்லச் சொன்னேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “புருசன் பூட்டான்னு புத்தி பேதலிச்சிகினு பேசுதுடி. யாராச்சும் அதுக்குத் தண்ணி குடுங்க” என்றாள். அழுகை இரண்டு மடங்காயிற்று. தண்ணீரும் வந்தது.

தேவசகாயத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவன்தான், ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவன். புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். போதகரே தேம்புகிறார் என்று பெண்கள் இன்னும் அழுதார்கள். குடைக்கடியில் நின்ற பிரின்சிபால், இதெல்லாம் நாங்கள் செய்த ஏற்பாடு என்று பூரித்துப்போய் மார்க் போட்டுக்கொண்டிருந்தாராம்.

நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். அழுகை நிஜம், யாரோ பெற்ற பிள்ளைக்காக. இவர்களுக்கு யாராவது ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியாக வேண்டும். தேவசகாயத்தின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன். முந்தானையைத் தோளுக்குத் தள்ளிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். என் குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. மெல்ல மெல்ல அழுகை நின்றது. சேற்றுக் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் கேட்டார்கள். கட்டின பெண்டாட்டியே நின்று ஜெபம் பண்ணுவதைப் பார்த்ததே இல்லை என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், என் புருஷனின் சாவில்.

ஒரு பிடி மண்ணை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். செல்வராஜ் எழுந்துவிட்டான்.

அவனைக் குறை சொல்லமாட்டேன். வெல்லம் இருந்த பெட்டி, இடுக்கெல்லாம் சிவப்பெறும்பு. ரைஸ் மில்லிலிருந்து ஏரிக்கரைவரை கடிபட்டுக்கொண்டே வந்திருக்கிறான், பிணத்தின் மரியாதைக்காக. மண் விழுந்ததும் எல்லா எறும்பும் ஒரே சமயத்தில் கிளம்பிவிட்டன. பெட்டியிலிருந்து குதித்து, சட்டையைக் கழற்றி உதறி, வரப்பில் ஓடி, சேற்றில் விழுந்து புரண்டான். பெண்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். கன்னியம்மாள் மட்டும் போய் அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். “சூடா கீதுடி” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ரைஸ் மில் வாசலில் கூட்டம். காய்ச்சல்காரப் பிள்ளை வந்தது, சினை நிற்காத மாடு வந்தது. ஒருவர் ஓடாத பம்புசெட்டுக்கு ஜெபிக்கக் கூப்பிட்டார். செல்வராஜ் செத்துப்போகவே இல்லை, நடிப்பு என்று எத்தனை விளக்கினாலும், பெரிய மனசு, தற்பெருமை பேசமாட்டேன் என்கிறது என்றார்கள். வேறு வழியில்லாமல் பம்புசெட்டுக்கு ஜெபித்தேன். கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் எப்படியும் வந்திருக்கும் என்று யாரிடம் சொல்வது?

நானோ மார்க்குக்காகக் காத்திருந்தேன். பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். நிறைய நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “அடக்க ஆராதனைன்னா முடிவுல அடக்கம் ஆகியிருக்கணும்மா. நீ எழுப்பிட்டியே” என்றார். இன்னொரு முறை கொடுங்கள் என்றேன். கொடுத்தார். ஆனால் என் முன்னால் பிணமாகப் படுக்க ஒருவனும் வரவில்லை. செல்வராஜ் தயாராகத்தான் இருந்தான், அவன் உடம்பெல்லாம் தடித்திருந்தது, டாக்டர் விடவில்லை. கடைசியில் பிரின்சிபாலே வழி கண்டுபிடித்தார். படுத்திருந்தவன் எழுந்து ஓடியிருக்கிறான், ஆகவே இது நோயாளி சந்திப்பு. அதில் முழு மார்க். அடக்கத்துக்கு விதிவிலக்கு. பட்டம் வந்தது.

அந்த முழு மார்க்கே எனக்கு வினையாயிற்று. சபையில் சேர்ந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி. குழிப்பக்கம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். செல்வராஜ் போதகராகி, ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் இருந்தான். எப்போது போனில் கூப்பிட்டாலும் முதலில் சொல்வது, “உனக்கு ஒரு அடக்கம் பாக்கி கீது, மறக்கல.” நான் போடா என்பேன்.

ரைஸ் மில் இப்போது இல்லை, மனைப்பிரிவாகிக் கல் நட்டுவிட்டார்கள். பிரின்சிபாலும் விசிலும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஏரிக்கரைக் கழனியில் மிஷின் நடுகிறது. முன்பின் தெரியாத சவத்துக்காகச் சேற்றிலிருந்து ஏறி வர அங்கே ஆள் இல்லை.

போன வாரம் ஸ்டெல்லாதான் கூப்பிட்டாள். பெரிய போதகர்கள் நான்கைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி வந்து புத்தகத்தை என் கையில் வைத்தாள். “நீங்கதான் பண்ணணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒரு தடவ பாதில எழுந்துட்டாராமே, இந்தத் தடவ எழமாட்டேன்னு சொல்லச் சொன்னாரு” என்றாள்.

வாசித்தேன். குழிக்கரையில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டேன். போட்டுவிட்டு நின்றேன். அடுத்த வரி மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். இல்லை, காத்திருந்தேன். ஒரு எறும்பு போதும் எனக்கு.

கடைசி ஆமென்வரை அவன் அசையவே இல்லை. பிரின்சிபால் இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார். எனக்குத்தான் அது வேண்டியிருக்கவில்லை.