மான் தோல் வார்

பதப்படுத்திய எருமைத் தோலில் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயப்போட்டால் அதிலிருந்து ஒரு வாசனை எழும். எங்கள் வீட்டில் அதை நாற்றம் என்பார்கள். பேட்டையில் தோல் வேலை செய்த சுடலைமுத்துவின் வாசலில் தொங்கிய இடுப்பு வாரை நான் இழுத்து முகர்ந்தபோது, ஆவாரம்பட்டையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை நேரே மண்டைக்கு ஏறி, இப்போதே யாரையாவது தூக்கித் தரையில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. எதைக் கண்டாலும் அடிக்கத் தோன்றும். எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முந்திய காலம் அது. நாங்கள் தச்சநல்லூரில் குடியிருந்தோம், வயல்கள் சேரன்மகாதேவியில். அப்பா சிவபூசை முடித்து எழுந்தால், நெற்றியில் பூசிய நீறு காய்வதற்குள் அவர் கை யார் முதுகிலாவது விழுந்துவிடும். அம்மா வாங்கினாள், வேலைக்காரர்கள் வாங்கினார்கள், நான் வாங்கினேன். வாங்கியதை நான் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவேன். அண்ணன் சண்முகம் மட்டும் ஒருவரையும் கை நீட்டி அடித்ததில்லை. இருபது வயது, ஆளைத் தூக்கிச் சுவருக்கு அப்பால் போடுகிற உடம்பு, ஆனால் அடிக்கமாட்டான். அதனாலேயே அப்பாவுக்கு அவன்மேல் தீராத எரிச்சல்.

அந்த ஆண்டு கார் நடவின்போது, மடையை யார் முதலில் திறப்பது என்ற தகராறில், சேரன்மகாதேவிப் பங்காளிகள் அண்ணனை வாய்க்கால் சேற்றில் தள்ளி, முகத்தை அமுக்கி மிதித்துப் பல் இரண்டை உடைத்து அனுப்பினார்கள். வாயெல்லாம் இரத்தமும் சேறுமாக வந்து நின்றவனை அப்பா தம் பங்குக்கு ஓர் அறை அறைந்தார்.

"அடி வாங்கிட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்லையாலே?"

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு பைய சொன்னான். "நான் ஒருத்தரையும் அடிக்கமாட்டேம்ப்பா. அவங்க ஊர்ல ஆத்தங்கரையில கெடக்குல்லா, அந்தப் பெரிய இளவட்டக்கல்லு? அவங்க வீட்டுல ஒருத்தனாலயும் அத தோளுக்கு ஏத்த முடியல. சித்திரையில நான் ஏத்துதேன். அவங்க நின்னு பாக்கட்டும்."

அன்றுமுதல் பேட்டைத் 'தாலீமில்', அதாவது மல்யுத்தப் பயிற்சிக் கூடத்தில், அண்ணன் விடியற்காலையில் கர்லாக்கட்டை சுற்றினான். சின்னக் கல்லில் தொடங்கி மாதத்துக்கு ஒரு கல்லாகக் கூட்டிக்கொண்டே போனான். நானும் கூடவே தூக்கினேன். அவன் தூக்கியது பங்காளிகளை வெட்கப்படுத்த. நான் தூக்கியது அவர்கள் மண்டையில் போட. கல் பெரிதாகப் பெரிதாக, இடுப்பில் கட்டிய துணிக் கச்சை போதாமல் போயிற்று. கல்லை மடியில் ஏற்றி நெஞ்சுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் நடுமுதுகு வளையாமல் பிடித்து நிறுத்தத் தோல் வார் வேண்டும் என்று தாலீமில் எல்லோரும் சொன்னார்கள். "நீயே பாத்து எடுத்துட்டு வா" என்று அண்ணன் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டான். அவன் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அதுதான்.

சுடலைமுத்துவுக்கு என் அப்பா வயது இருக்கும். இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று நான் அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைச் 'சின்னையா' என்றார். வண்டி மாட்டு வார்களும் கிணற்றில் நீர் இறைக்கும் கமலைச் சாலுக்குத் தோல் வாலும் தைப்பவர். ஒரே எருமைத் தோலில் இரண்டு இடத்தைக் காட்டி, "வயித்துத் தோலு இளகிரும் சின்னையா, முதுகுத் தோலுதான் நிக்கும்" என்றார். நான் முதுகுத் தோலை மடக்கிப் பார்த்தேன், வெடிக்கவில்லை. ஒரு முனையைக் காலில் மிதித்து மறுமுனையை மூச்சைப் பிடித்து இழுத்தேன், ஒரு நூல்கூட நீளவில்லை. நான்கு விரல் அகலத்தில், இரட்டைத் தோலாக, பித்தளைக் கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதைப்போல ஒரு வாரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததுதான் நான் செய்த தப்பு. அப்பா அதை என் இடுப்பிலிருந்து உருவி, அதைக் கொண்டே என்னை அடித்தார். நான் விழுந்த பிறகும் அடித்தார். கொக்கி பட்டு என் இடது புருவம் பிளந்தது. "எருமத் தோலு! சிவபூச நடக்குத வீட்டுக்குள்ள எருமத் தோலு!" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை சொன்னார். வாரைக் கம்பால் தூக்கிப்போய்க் குப்பையில் எறியச் செய்து, வீடு முழுக்கச் சாணி தெளிக்கவைத்துத் 'தீட்டு' கழித்தார்.

கோபம் தணிந்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். முப்பது வருடமாகத் தாம் உட்கார்ந்து பூசை செய்த மான் தோலை எடுத்து என் கையில் கொடுத்தார். "தோலுதான வேணும்? இது சுத்தமான தோலு. இதுல தச்சு அவன் இடுப்புல கட்டு. ஈசுவரன் தாங்குவாரு" என்றார். எங்கள் வீட்டில் சுத்தமானது எதுவோ அதுவே பலமானது. எனக்கும் அதில் ஐயம் எழவில்லை.

புருவத்தில் கட்டுடன் மறுநாள் பேட்டைக்குப் போனேன். போன வேகத்தில் சுடலைமுத்துவின் கன்னத்தில் அறைந்தேன். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அப்பாவைத் திருப்பி அடிக்க முடியாதவன், திருப்பி அடிக்க முடியாத ஆளைத் தேடிப்போய் அடித்தேன், அவ்வளவுதான். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு மான் தோலை வாங்கி, இரு கையாலும் அகட்டி இழுத்துக் காட்டினார். தோல் பிசைந்த மாவு மாதிரி நீண்டது.

"சின்னையா, இது உக்காருததுக்கு உள்ள தோலு. இழுப்புக்கு ஆகாது. எத்தன மடிப்பு வச்சுத் தச்சாலும் தையலு நிக்கும், தோலு நிக்காது. அண்ணன்ட்ட சொல்லிருங்க."

"சொன்னதத் தையிலே" என்றேன். மூன்று மடிப்பு வைத்துத் தைத்தார். அவர் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் எருமைத் தோல் கேட்பான், நான் இன்னொரு முறை அடிபட வேண்டியிருக்கும் என்ற பயந்தான்.

சித்திரை முதல் நாள் காலை, சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. பங்காளிகள் முன்வரிசையில் நின்று சிரித்தார்கள். நான்தான் அண்ணனுக்கு வாரைக் கட்டி இறுக்கிவிட்டேன். அவன் குனிந்து கல்லைக் கட்டிப் பிடித்து முழங்காலுக்கு ஏற்றினான், மடியில் உட்காரவைத்தான், மூச்சிழுத்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தான். பங்காளிகளின் சிரிப்பு நின்றது. கல் தோள் விளிம்பைத் தொட்ட அந்த நேரத்தில், பச்சை மட்டையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அண்ணனின் முதுகு பின்பக்கமாக மடங்கியது. மல்லாந்து விழுந்தவனின் இடுப்பின்மேல் கல் இறங்கியது. உள்ளே எலும்பு நொறுங்கியதை நான் காதால் கேட்டேன். அவன் அலறவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினான். கல்லைப் புரட்ட ஆறுபேர் வேண்டியிருந்தது.

மணலில் கிடந்த வாரை நான்தான் எடுத்தேன். தையல் போட்டது போட்டபடி இருந்தது, ஓர் இழைகூட விடவில்லை. தையலை ஒட்டித் தோல் குறுக்கே கிழிந்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு ஆற்றில் எறிந்தேன்.

"தையலு விட்டுட்டு! அந்தப் பய கள்ளத் தையலு போட்டிருக்கான்!" என்று அப்பா கத்தினார். அவனுக்கு நம்மேல் என்ன பகை என்று யாரோ கேட்க, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் அவன ஒரு அடி அடிச்சேன்" என்றேன். அது போதுமாயிருந்தது.

மறுநாள் காலை இரண்டு வண்டிகளில் பேட்டைக்குப் போனார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வண்டியில் பங்காளிகளும் இருந்தார்கள். வாய்க்காலில் அண்ணனை மிதித்த அதே கால்கள், அண்ணனுக்காகச் சுடலைமுத்துவை மிதித்தன. அவரைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்து, அவர் தோல் அறுக்கும் கல்லிலேயே வலது கையை வைத்து, அவருடைய மரச்சுத்தியலான கொட்டாப்புளியாலேயே விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். மூன்றாவது விரலில் அவர் தலையைத் தூக்கி என்னைத் தேடினார்.

"சின்னையா, நான் சொன்னேம்லா? நீங்க சொல்லுங்க சின்னையா."

எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்றது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புருவத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டு வாயை மூடி நின்றேன். கொட்டாப்புளி மறுபடி இறங்கியது. பிறகு குடிசைக்குத் தீ வைத்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் அவரும் அவர் மனைவியும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எந்தத் திசையில் என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை.

அண்ணன் அதன்பின் பதினோரு வருடம் கட்டிலில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உயிரில்லை. ஒரே ஒரு முறை கேட்டான்.

"ஏலே, நெசமாவே தையலுதான் விட்டுதா?"

"ஆமாண்ணே."

"பாவம், அதுக்காக அந்த மனுசன் கைய ஒடிச்சிருக்க வேண்டாம்" என்றான். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இன்று அப்பா இல்லை, அண்ணன் இல்லை, அண்ணனை மிதித்தவர்களும் இல்லை. தாலீம் இருந்த இடத்தில் பட்டறை ஒன்று ஓடுகிறது. அந்தக் கல்லை உடைத்துப் பாலத்துக்குப் போட்டுவிட்டார்கள். என் மகன் மாட்டுத்தோல் பெல்ட்டோடு சாமி அறையில் நின்று திருநீறு பூசிக்கொள்கிறான், எந்தத் தோல் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. நல்லதுதான். ஆனால் அவன் அப்படி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு லேசாக விட்டுவிடக்கூடிய ஒரு தீட்டுக்காகவா அத்தனையும் நடந்தது என்று எனக்கு வெறி வருகிறது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. சுடலைமுத்து கேட்டதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன். கேட்க அவர் இல்லை. அவர் சொன்னார். நான் கேட்டேன். தையல் விடவில்லை.