இருபது பேருக்கும் ஒரே கை

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் குழுப் பிள்ளைகள், இது முதலில் எப்படி வந்ததென்று கேட்டார்கள். கூச்சத்தில் நேரே சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போச்சு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது மூன்றாவது படித்தேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனைத் தாண்டி, எங்கள் வீடுகளுக்கு எதிரே ஒரு பொட்டல். பிள்ளைகள் விளையாட அதை விட்டால் வேறு இடம் கிடையாது. லாரிக்காரர்கள் அதை லாரி நிறுத்தக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அத்தையும் நகராட்சி ஆபீசுக்குப் போய்ப் பூங்கா கேட்டார்கள். (நகராட்சியா, பஞ்சாயத்தா, அதுவும் சரியாக நினைவில்லை.) அங்கிருந்த அதிகாரி ஒரு வழி சொன்னார். வேலி, குழாய், செடி எல்லாம் ஆபீஸ் கொடுக்கும். பெருக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்று எங்களில் இருபது பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

இருபது பேர் இருந்தார்கள், கையெழுத்துதான் இல்லை. ஒருத்திக்கும் எழுதத் தெரியாது. கைநாட்டு வைக்கவும் பயம்.

"போன தபா வெரலு வெச்சுதான் இருந்த குடிசையும் போச்சு. தண்ணி இன்னா, ரத்தத்தையே ஊத்தறேன், வெரலு மட்டும் வெக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வகுப்பில் என் எழுத்துதான் குண்டு குண்டாக இருக்கும். இருபது பேருக்கும் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு வேறு.

மறுநாள் பள்ளி லீவு. நானும் கூடப் போனேன். அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இருபது பேருக்கும் ஒரே கையா?"

"எழுதினது ஒரே கொயந்த சார். தண்ணி ஊத்தப் போறது நாப்பது கை" என்றாள் அத்தை.

அவர் சிரித்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. சாயந்திரத்துக்குள் இருபது பேரும் நேரில் வரணும், இல்லாவிட்டால் இடம் லாரிக்குப் போய்விடும் என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "நீ வர்றியா, இல்ல உன் புள்ள லாரிக்கடியில பூந்து பந்து பொறுக்கட்டுமா?" எல்லா வாசலிலும் இதே கேள்விதான். மாவுக் கையோடு வந்தார்கள், ஈரத் தலையோடு வந்தார்கள்.

ஆபீசில், நான் எழுதிய பெயர்களுக்குப் பக்கத்திலேயே விரல் வைக்கச் சொன்னார்கள். மை டப்பாவைத் திறந்ததும் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் போனாள். பள்ளிக்கூடத்தில் கைநாட்டு என்றால் திட்டு. அவள் என் அம்மா இல்லை என்பது போலத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். என் அழகான எழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பு மையை அப்பப் போகிறார்களே என்று கோபம் வேறு. எட்டிப் பார்த்தேன். காகிதத்துக்கு மேலே அம்மாவின் விரல் நடுங்கியது. மை சில்லென்று இருக்கும் போல என்று நினைத்தேன். அப்படியே வைத்துவிட்டாள்.

"தள்ளு அண்ணி. புடுங்கிக்கினு போக இப்போ நம்மகிட்ட இன்னா மாடி ஊடா கீது?" என்று அத்தை அடுத்ததாக வைத்தாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் வரிசைதான்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அத்தை சொன்னாள். குடிசை போன அந்தக் காகிதத்திலும் முதல் விரல் அம்மாவுடையதாம். மற்றவர்களை நம்பி வைக்கச் சொன்னதும் அவள்தானாம்.

அந்த மனு ஆபீசில் ஏதாவது பழைய காகிதக் கட்டுக்குள் கிடந்தால் யாராவது தேடிப் பாருங்கள். இருபதா, பத்தொன்பதா என்று நான் தப்பாகச் சொல்லியிருப்பேன், எந்த வருஷம் என்றும் நினைவில்லை. முதல் ரேகை தெளிவாக விழுந்திருக்கிறதா, கலைந்திருக்கிறதா, அதையும் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.