பொன்னி மிதிக்காத பிரேக்

அடுப்படியில் முதலில் ஒரு டம்ளர் விழுந்தது. அடுத்து ஒரு மூடி. மூன்றாவதாகக் குண்டான்.

முன்னறையில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த விருத்தாசலம் காதைத் தீட்டிக்கொண்டார். லாரி ஓடும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடும் காது அது. மனைவியின் கோபத்தையும் அப்படித்தான் அளப்பார்.

"குண்டான் வரைக்கும் வந்திருச்சா? டாப் கியருதான்" என்று முணுமுணுத்தார்.

பொன்னி அவரோடு பேசி இரண்டு நாளாகிறது. பேச்சு நின்றதே தவிர, சாப்பாடு நிற்கவில்லை. கேப்பைக்கூழைக் கொண்டுவந்து வைப்பாள். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, "கூழு ஆறிக்கினு இருக்குது. குடிக்கிறவங்க குடிக்கலாம்" என்பாள்.

அந்தக் காலண்டருக்கும் அந்த வீட்டில் ஒரு மரியாதை உண்டு. என்றைக்கு ஆயில் மாற்ற வேண்டும், என்றைக்கு கிரீஸ் அடிக்க வேண்டும் என்று அதில் வட்டம் போட்டு வைப்பவள் பொன்னிதான். தேதி ஒரு நாள் தள்ளிப் போனாலும் விடமாட்டாள்.

கிளியனூரில், புதுச்சேரி சாலையை ஒட்டி அவர்கள் வீடு. பதினெட்டு வயதில் கிளீனராக ஏறியவர் விருத்தாசலம். இருபத்திரண்டு வருடம் பிறத்தியார் வண்டியை ஓட்டி, ஒன்பது வருடத்துக்கு முன்புதான் சொந்தமாக ஒரு பழைய ஆறு சக்கர லாரி வாங்கினார். நெற்றியில் 'பொன்னி' என்று எழுதிய அந்த வண்டியை அவர் எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. பெற்ற பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுக்கத் தயங்கும் தாய் மாதிரி, ஒவ்வொரு நட்டையும் தானே கழற்றித் தானே மாட்டுவார்.

பிரேக் வேலை மட்டும் ஒருவரால் ஆகாது. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, மேலே கேபினில் ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். ஒன்பது வருடமாக அந்தக் கால் பொன்னியின் கால்.

"மிதி" என்பார். மிதிப்பாள்.

"விடு" என்பார். விடுவாள்.

கல்யாணமான புதிதில்கூட அத்தனை அன்பாக அவர் வேறெந்தச் சொல்லையும் சொன்னதில்லை!

நாளைக் காலை திண்டிவனத்தில் லாரிக்கு எப்.சி. வருடா வருடம் வண்டியைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். வாங்கினால்தான் நாளை மறுநாள் எண்ணெய் மில்லுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, லோடு. ஆனால் பின்சக்கர டயர்கள் தேய்ந்து, ரோட்டைப் பிடிக்கும் பட்டன் மழுங்கிக் கிடந்தன.

அதற்கு ஒற்றை லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எப்.சி. நாளில் ஒருவருடைய நல்ல டயரை இன்னொருவர் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு, சாயங்காலமே கழற்றிக் கொடுத்துவிடுவார். போன வருடம் விருத்தாசலத்தின் டயர்கள் அவருடைய கூட்டாளி சீனுவாசனின் லாரியில் ஏறின. இந்த வருடம் கொடுப்பது சீனுவாசனுடைய முறை.

இதைக் கேட்டதும்தான் பொன்னி வெடித்தாள். "தேஞ்ச டயர்ல ஓட்டறவனுக்கு என் காலு எதுக்கு? ரோட்டுல மாடு குறுக்க வந்தா, எப்.சி. பேப்பர நீட்டி நிறுத்துவியா?"

அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது விருத்தாசலம் ஒரு புளியங்கட்டையோடு வண்டிக்குப் போனார். இஞ்சினை ஓட்டி பிரேக்குக்குக் காற்று ஏற்றிவிட்டு அணைத்தார். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். பின்னால் எங்கோ 'உஸ்' என்று காற்று கசிந்தது. எங்கே என்று காதை வைப்பதற்குள் மேலே கட்டை நழுவி 'டங்' என்று விழுந்தது.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அதே கதை.

"கட்டைக்கும் கோவமா?" என்று அலுத்துக்கொண்டு வெளியே ஊர்ந்தபோது, தோளை ஏதோ பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் ஜோடியாக மாட்டியிருந்ததில் உள்பக்க டயரின் ரப்பர் பிளந்து, கம்பி முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடம். இந்த டயரோடுதான் நாளை மறுநாள் பத்து டன் ஏற்றிப் போக இருந்தார். படுத்தபடியே அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

உள்ளே வந்தவரைப் பார்த்ததும் பொன்னி காலண்டரை மறந்துபோனாள். "இன்னாய்யா இது? சட்டையெல்லாம் ரத்தம்!"

"உள் டயரு. கம்பி வெளிய வந்திருக்குதுமே."

'நான் சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட எத்தனை பெரிய மனசு வேண்டும்! மஞ்சள்தூளை எடுத்து வந்து காயத்தில் அப்பினாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

வாசலில் ஹாரன் சத்தம். மினி லோடு வண்டியில் இரண்டு டயர்களோடு சீனுவாசன் வந்து நின்றார்.

"ண்ணா, டயரு ரெடி. ஜல்தி மாட்டு. நாளைக்கு சாயங்காலம் கழட்டிக் குடுத்தா போதும்."

"இறக்காத சீனு."

"இன்னாண்ணா? அண்ணி பேஜாரு பண்றாங்களா?"

"ரெண்டு நாளா நான் அவருகூட பேசவே இல்ல தம்பி. காலண்டருகூடத்தான் பேசினேன். வேணும்னா அதக் கேளு" என்றாள் பொன்னி.

விருத்தாசலம் சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் போவல. டயரு வாங்கிக்கினு அடுத்த வாரம் காட்டிக்கிறேன். மல்லாட்ட லோட நீ ஏத்திக்கினு போ. மில்லுல நான் சொல்லிட்றேன்."

"அது உன் லோடுண்ணா. வருஷா வருஷம் நீதான ஏத்துவ!"

"இந்த வருஷம் நீ ஏத்து."

சீனுவாசன் தலையைச் சொறிந்தார். "போன வருஷம் உன் டயர மாட்டித்தானண்ணா நான் காட்டுனேன்..."

"அடுத்த வருஷம் கேட்டா குடுக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சர்தான். அண்ணி காலண்டர வுட்டு உன்கூட பேசிட்டாங்களா?" என்று சிரித்தபடி சீனுவாசன் வண்டியைத் திருப்பினார். இரண்டு டயர்களும் குலுங்கிக் குலுங்கித் திண்டிவனம் பக்கம் போய் மறைந்தன.

விருத்தாசலம் சாக்கை உதறி மறுபடி வண்டிக்கு அடியில் விரித்தார். கூப்பிடாமலே பொன்னி புடவையைச் செருகிக்கொண்டு கேபினில் ஏறினாள். புளியங்கட்டையை எடுத்து வெளியே வீசினாள். இரண்டு முறை இழுத்தால்தான் மூடும் அந்தக் கேபின் கதவை, ஒரே இழுப்பில் சாத்தினாள்.