பேப் ரூத்துக்கு ஈடான ஆள்

அமெரிக்காவின் ஈரி நகரத்தில் நார்பர்ட் டோம்பெக் இறங்காத நிலவறை கிடையாது. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தவர். எந்த வீட்டுப் படிக்கட்டு ஆடும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கணவன் மனைவிக்குத் தெரியாமல் பாட்டிலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவராகவும் சொன்னதில்லை. ஊரில் அவர் பெயர் நார்ப், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு டார்ச் லைட் பரிசளித்தார்கள். வீட்டில் ஏற்கெனவே நாலு இருந்தது.

இந்த மனிதருக்கு உலகத்தில் இரண்டே பிடிப்பு. ஒன்று, பகடை பேஸ்பால் சங்கம். இன்னொன்று, வெர்ன் லிண்ட்னர் என்ற கிழவர். ஒன்றைப் பற்றி இன்னொன்றிடம் தாராளமாகப் பேசுவார். இன்னொன்றைப் பற்றி ஒன்றிடம் மூச்சு விடமாட்டார். அதாவது, சங்கத்தைப் பற்றி வெர்னுக்கு எல்லாம் தெரியும். வெர்ன் உயிரோடு இருப்பதே சங்கத்துக்குத் தெரியாது.

சங்கம் என்றால் எட்டுப் பேர். வருஷா வருஷம் பிப்ரவரி முதல் சனிக்கிழமை போலந்துக்காரர்கள் கிளப்பின் பின்னறையில் கூடி, நூறு வருஷத்து ஆட்டக்காரர்களிலிருந்து ஆளுக்கு இருபத்தைந்து பேரை முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். செத்தவர், இருப்பவர் என்ற பேதமே கிடையாது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும், அவர் ஆடிய ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அட்டை. அந்த வருஷம் அவர் எப்படி ஆடினாரோ அந்த விகிதத்திலேயே அட்டையில் எண்கள் இருக்கும். பகடையை உருட்டு, விழுந்த எண்ணை அட்டையில் பார், அடித்தாரா அவுட்டா என்று தெரிந்துவிடும். அதனால் ஆளெடுக்கும்போது பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஆட்டத்துக்கே ராஜாவாக இருந்த 1921-இன் பேப் ரூத் வேறு, தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் நின்ற 1935-இன் பேப் ரூத் வேறு. வருஷம் சொல்ல மறந்தால் சங்கத் தலைவி ஃப்ரான் மத்தூசியாக், "எந்த வருஷம்?" என்று ஒரு போடு போடுவாள். பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்தவள். வயிற்றுவலி என்று பொய் சொன்ன மூன்று தலைமுறைப் பிள்ளைகளை வகுப்புக்குத் திருப்பி அனுப்பிய குரல் அது.

வெர்ன் லிண்ட்னரின் பேஸ்பால் வாழ்க்கையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. 1958 செப்டம்பரில் பதினோரு நாள் பெரிய லீக் அணியில், பந்து பிடிக்கிற கேட்சர்களில் மூன்றாவது ஆளாக இருந்தார். நாலு தடவை மட்டை பிடித்தார். இரண்டு தடவை அடித்தார், அதில் ஒன்று சுவர் வரைக்கும் போனது. பன்னிரண்டாம் நாள் கட்டைவிரல் முறிந்தது. அப்புறம் முப்பது வருஷம் காகித ஆலை. அந்த ஆளின் நிலவறையில் மீட்டருக்குப் பக்கத்தில் சீருடையோடு ஒரு படம் மாட்டியிருந்ததை நார்ப் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மீட்டரைப் படிக்க மறந்தார். அந்த ஒரு மாதம் மட்டும் வெர்னுக்குத் தண்ணீர் வரி உத்தேசமாகப் போட்டு வந்தது.

அந்த வருஷமே நார்ப் அவரைத் தன் அணியில் எடுத்தார், இருபத்தைந்தாவது சுற்றில், கடைசி ஆளாக. இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நாலில் இரண்டு அடித்தவரின் அட்டையில், உருட்டினால் பாதி தடவை அடிதான் விழும். ரூத்துக்கே அப்படி விழாது. இந்த மாதிரி அட்டையை வைத்துக் கொண்டு எவனும் கொள்ளையடிக்கக் கூடாது என்று சங்கத்தில் ஒரு சட்டம். நிஜத்தில் எத்தனை தடவை மட்டை பிடித்தாரோ, ஒரு வருஷத்தில் அத்தனை தடவைதான். வெர்னுக்கு நாலு. நாலு தடவைக்காக யார் ஒரு இடத்தை வீணாக்குவார்கள்? நார்ப் வீணாக்கினார். அந்த நாலையும் ரேஷன் அரிசி மாதிரி ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை இழுத்து இழுத்துச் செலவழிப்பார். திங்கள்கிழமை தோறும் போய் வெர்னுக்கு ஒப்பிப்பார்.

"நேத்து நான் என்ன பண்ணேன்?" என்பார் வெர்ன்.

"ஆடலை. பந்து வீசுறவனுக்கு வார்ம்-அப் குடுத்தீங்க."

"அதான், காலைலேருந்து கை வலிக்குதேன்னு பார்த்தேன்."

முதல் வருஷமே வெர்ன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எவனையும் இங்க கூட்டிட்டு வராதே. வந்தா கதை கேப்பானுங்க. எங்கிட்ட இருக்கிறதே நாலு. தீர்ந்து போயிடும்." இன்னொரு கண்டிப்பும் உண்டு. இரண்டாம் வருஷம், கிழவர் காய்ச்சலில் கிடக்கிறாரே என்று, அவுட்டானதை அடித்ததாக நார்ப் மாற்றிச் சொன்னார். வெர்ன் ஸ்கோர் தாளைக் கொண்டு வரச் சொன்னார். பார்த்துவிட்டு, மூன்று மாதம் கதவைத் திறக்கவில்லை. அதோடு நார்ப் பொய் சொல்வதை விட்டுவிட்டார்.

வெர்னுக்கு ஒரு தீராத மனக்குறை. பெரிய அணிக்கு வருவதற்கு முன், சின்ன ஊர் அணிகளில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அவரை ஒரு அணி இன்னொரு அணிக்கு மாற்றிக்கொடுத்தது. பதிலுக்கு வாங்கியது, ஒரு பழைய பஸ் எஞ்சின். ஆட்டக்காரனுக்கு மானம் மரியாதை எல்லாமே தன்னைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பதில்தானே இருக்கிறது? தங்கை புருஷன் ரே, டொலீடோவில் இருப்பவன், அறுபத்தைந்து வருஷமாக நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வான்கோழியை வெட்டுவதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். "அந்த எஞ்சின் மச்சானை விட நாலு வருஷம் கூட ஓடுச்சு" என்பான். உண்மைதான், ஓடியது. அதுதான் வெர்னுக்குப் பொறுக்கவில்லை. எண்பத்தெட்டு வயதில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டும் அதை நினைத்துப் பல்லைக் கடிப்பார்.

இப்போது அந்த பிப்ரவரி சனிக்கிழமைக்கு வருவோம். ஏரியிலிருந்து பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. யார் முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு பழைய காப்பி டின்னில் எண் போட்ட பந்துகளைப் போட்டுக் குலுக்குவார்கள். நார்புக்கு இத்தனை வருஷத்தில் ஒருதடவை கூட ஒன்று வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"பேப் ரூத்" என்றார் நார்ப். ஃப்ரான் வாயைத் திறப்பதற்குள், "இருபத்தொண்ணு" என்றும் சேர்த்துக்கொண்டார். அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அந்த மனிதர் சிரித்து அவர்கள் பார்த்ததே அன்றைக்குத்தான். இந்த வருஷம் கோப்பை நார்புக்கு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

பத்தொன்பதாவது சுற்று வரை எல்லாம் சரியாகப் போனது. மாட்டிறைச்சி சாண்ட்விச் வந்து, நார்ப் முதல் கடி கடித்துக் கொண்டிருந்தார். முறை டேல் கிமெலுடையது. டேல், இடிபட்ட கார்களுக்கு மதிப்புப் போடுகிற காப்பீட்டுக் கம்பெனிக்காரர். எதைப் பார்த்தாலும் எவ்வளவு தேறும் என்று பார்க்கிற கண்.

"வெர்ன் லிண்ட்னர்" என்றார் டேல்.

"எந்த வருஷம்?"

"அவனுக்கு இருக்கிறதே ஒரு வருஷம்தான், ஃப்ரான்."

நார்ப் கடித்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார். தண்ணீர் குடித்து இறக்கிவிட்டுச் சொன்னார்: "டேல், அது என் ஆளு."

"போன வருஷம் உன் ஆளு. கடைசி ஆட்டத்துல, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல, எங்கேயோ கிடந்தவனைக் கூட்டிட்டு வந்து நான் ஃபைனலுக்குப் போறதைக் கெடுத்தே இல்ல? நீ எட்டாவது இடம். உனக்கு அந்த ஆட்டத்துல என்னய்யா ஆதாயம்? அதான், இந்த வருஷம் அவன் என் பக்கமே இருக்கட்டும்."

நார்ப் செய்த தப்பு அதுதான். நாலாவது வாய்ப்பை ஒரு உப்புச்சப்பில்லாத ஆட்டத்தில் செலவழித்திருக்க வேண்டும். செப்டம்பர் கடைசி ஞாயிறு, வெர்னுக்கு நல்ல கதையாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டு, ஆட்டம் சமனில் நிற்கும்போது இறக்கினார். பகடையும் சுவர் வரைக்கும் போகிற அடியாக விழுந்து தொலைத்தது. வெர்ன் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். டேல் ஒரு குளிர்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப ஆட விடுவே?" என்று கேட்டார் நார்ப்.

"ஃபைனல்ல. நாலையும் பத்திரமா வச்சிருப்பேன். அக்டோபர்ல."

"ஃபைனலுக்கு நீ போகலைன்னா?"

"அப்ப ஆடமாட்டான். அட்டைதானேப்பா, அதுக்கென்ன வருத்தமா படப்போகுது?"

எண்பத்தெட்டு வயது மனிதரிடம் போய், அக்டோபர் வரைக்கும் பொறுங்கள், அதுவும் டேல் ஜெயித்தால்தான் என்று எப்படிச் சொல்வது? திங்கள்கிழமை போனால், "எத்தனாவது சுத்து?" என்பதுதான் கிழவரின் முதல் கேள்வி. கடைசிச் சுற்று என்றால், "இருந்தாலும் எடுத்தீங்க இல்ல" என்று தலையை ஆட்டிக்கொள்வார். இந்த வருஷம் என்னத்தைச் சொல்வது? பொய்யும் சொல்ல முடியாது. உண்மையை இங்கே, இந்த எட்டுப் பேர் நடுவில் உடைத்துவிட்டால் டேல் அட்டையைச் சும்மாவே கொடுத்துவிடுவார், நல்ல மனுஷன்தான். ஆனால் அடுத்த நாளே எல்லோரும் பூங்கொத்தும், கையெழுத்து வாங்கப் பந்துமாக அந்த ஜன்னலோரத்துக்குப் போய் நிற்பார்கள். நாலு கதையும் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துவிடும். நார்ப் வாயை மூடிக்கொண்டார்.

"என்னோட பதினெட்டாவது ஆளை எடுத்துக்கோ, டேல்."

"வேணாம்."

"அஞ்சாவது ஆளு."

நாலு தடவை மட்டை பிடிக்கிறவனுக்கு அஞ்சாவது சுற்று ஆளா? டேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நசுங்கிய காருக்குள் புத்தம் புது எஞ்சின் இருப்பதை மோப்பம் பிடித்துவிட்ட முகம்.

"ரூத்தைக் குடு" என்றார் டேல். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

"சரி" என்றார் நார்ப்.

யாரும் சிரிக்கவில்லை. ஃப்ரான் கண்ணாடியைக் கழற்றினாள். ஆள் மாற்றுவதானால் தலைவி மூன்று தடவை கேட்க வேண்டும், மூன்று தடவையும் எழுந்து நின்று சரி என்று சொல்ல வேண்டும். அதன்பின் சைக்கிள் மணி அடிப்பார்கள். ஒருவர் போதையில் பாதி அணியைத் தாரை வார்த்த வருஷத்திலிருந்து அப்படி.

"நார்பர்ட் டோம்பெக், பேப் ரூத் இருபத்தொண்ணைக் குடுத்து வெர்ன் லிண்ட்னர் ஐம்பத்தெட்டை வாங்கிக்கிறீங்களா?"

"சரி."

"பாஸ்டன் டீம்காரனாவது அன்னைக்கு ரூத்தை வித்துக் காசு வாங்கினான்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"நார்ப், உடம்பு சரியில்லையா? மாத்திரை ஏதாவது மாத்தினாங்களா?" இது ஃப்ரான், நர்ஸாக. பிறகு, தலைவியாக, இரண்டாம் தடவை கேட்டாள்.

"சரி."

டேலுக்கே பொறுக்கவில்லை. "யோவ், நான் சும்மா சொன்னேன்யா. உன் அஞ்சாவது ஆளே போதும்."

நார்ப் பையில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார். இருபத்து நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த ரூத், பையில் இன்னும் சூடு கூட ஏறவில்லை. இப்போது அஞ்சாவது ஆளைக் கொடுத்தாலே போதும், கோப்பையும் கை நழுவாது. அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வந்தது பஸ் எஞ்சின்.

"வேணாம் டேல். ரூத்தையே வச்சுக்கோ" என்றார். "மூணாவது தடவை கேளு ஃப்ரான்."

மணி அடித்தது.

திங்கள்கிழமை காலை நார்ப் போனபோது வெர்ன் ஜன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனாவது சுத்து?"

"பத்தொன்பது."

வெர்ன் கோப்பையைக் கீழே வைத்தார். "பத்தொன்பதா? அவ்வளவு முன்னாடியா? உனக்கென்ன பைத்தியமா?"

"நான் எடுக்கலை. டேல் கிமெல் எடுத்துட்டான்."

கிழவரின் முகம் தொங்கிப்போனது. "அப்ப நான் உன் டீம்ல இல்லையா."

"இருக்கீங்க. ஒருத்தனைக் குடுத்துத் திருப்பி வாங்கினேன்."

வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பனி அள்ளும் வண்டி போனது. அது தெருக்கோடி வரை போய்த் திரும்பியது.

"சொல்லு. எதைக் குடுத்தே?" என்று கேட்டார். அடி வாங்கத் தயாராகிறவரின் குரலில் கேட்டார்.

"பேப் ரூத்தை."

"எந்த வருஷம்?"

"இருபத்தொண்ணு."

அப்புறம் கிழவர் வாயில் வந்த வசவை எழுத முடியாது. முட்டாள், மடையன், உனக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும், தண்ணி மீட்டர் பார்க்கத்தான் லாயக்கு, இப்படி ஒரு மாற்றலை மனுஷன் செய்வானா, இந்த வருஷமும் எட்டாவது இடம்தான் போ! இல்லத்து நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நார்ப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஸ்கோர் தாளைக் கேட்ட மாதிரி இதற்கும் அத்தாட்சி கேட்பார் என்று தெரியும். ஃப்ரான் கையெழுத்துப் போட்ட மாற்றல் சீட்டை எடுத்து நீட்டினார். வெர்ன் அதைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து இரண்டு தடவை படித்தார். மடித்தார். தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஃபோனை எடு. ரேக்குப் போடு."

ரேக்குத் தொண்ணூற்றொரு வயது, காது மந்தம். வெர்ன் கத்திய கத்தலில் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"ரே! நான்தான்டா! உன் மச்சான்! என்னை மறுபடியும் மாத்திக்கிட்டாங்கடா! ஆமா, மாத்திக்கிட்டாங்க! இல்ல, இந்தத் தடவை எஞ்சின் இல்ல! பேப் ரூத்! காதுல விழுந்துச்சா? என்னை வாங்கறதுக்கு பேப் ரூத்தைக் குடுத்தாங்கடா!"

மறுமுனையில் ஏதோ கேட்டது. வெர்ன் ரிசீவரை நெஞ்சோடு பொத்திக்கொண்டு நார்பைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"சிரிக்கிறாரா?" என்று கேட்டார் நார்ப்.

"இல்ல" என்றார் வெர்ன். "எந்த வருஷத்து ரூத்துன்னு கேக்குறான்."